பழைய காரை ஸ்டார்ட் செய்யும்போது எழும் கீச்சொலி: காரணத்தைக் கண்டறியும் முறை

காலையில் சாவியைத் திருப்பி என்ஜின் ஓடத் தொடங்கிய மறுநொடியே, பானெட்டுக்கு அடியிலிருந்து தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஒரு கீச்சொலி எழுந்து, சில நொடிகளில் தானாகவே அடங்கிவிடுவது பழைய கார்களில் மிகப் பரவலாகக் காணப்படும் குறை. அடங்கிவிடுகிற காரணத்தாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துகிறவர்களும் பட்டறைக்குப் போய், என்ஜினின் சுழற்சியை மற்ற உறுப்புகளுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் அதே ஒலி திரும்ப வருகிறது. பெல்ட் வழுக்குகிறது என்பது பெரும்பாலும் சரியான ஊகம்தான். ஆனால் அது ஏன் வழுக்குகிறது என்ற கேள்விக்கு விடை காணாமல் இறுக்கிக்கொண்டே போனால், முதலில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்), பிறகு என்ஜினைக் குளிர்விக்கும் நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் பேரிங்கும் கெட்டு, சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும்.

1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800 காரை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 796 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அதன் என்ஜினில், ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் ஒரே வி-பெல்ட் (V வடிவக் குறுக்குவெட்டுள்ள பெல்ட்) சுழற்றுகிறது. ஏ.சி. உள்ள மாடல்களில் அதற்கு மட்டும் தனி பெல்ட் உண்டு. அமைப்பு எளிது என்பதால் புதியவர்கள் கற்றுக்கொள்ள இதைவிட ஏற்ற கார் இல்லை. மற்ற பழைய கார்களில் பெல்ட்டின் எண்ணிக்கையும் அது போகும் வழியும் வேறுபடும். கண்டறியும் முறை மாறாது.

ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் என்ன நடக்கிறது?

ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்றும் சில நொடிகளில் பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியர் அளவுக்கு, சில வேளைகளில் அதற்கு மேலும், மின்சாரம் இழுக்கப்படுகிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும், இழந்ததை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் தன் முழு வலிமையோடு மின்சாரம் தயாரிக்க முற்படும். அப்படி முற்படும்போது அதைச் சுழற்றுவது கடினமாகிறது. அந்தப் பாரம் முழுவதையும் தாங்க வேண்டியது பெல்ட். பெல்ட் சுற்றிச் செல்லும் பள்ளமுள்ள சக்கரங்களான புல்லிகளில் ஆல்டர்னேட்டர் புல்லியே பொதுவாகச் சிறியது, ஆகவே பெல்ட்டின் பிடிமானமும் அங்கேதான் குறைவு. இரவெல்லாம் வெளியில் நின்ற காரில் ரப்பர் குளிர்ந்து விறைத்திருக்கும். மார்கழிப் பனியோ மழைக்கால ஈரமோ படிந்திருந்தால் பிடிமானம் இன்னும் குறையும். இவை எல்லாம் ஒரே கணத்தில் சேரும்போது பெல்ட் புல்லியின் மேல் வழுக்கிக் கீச்சிடுகிறது. பேட்டரி ஓரளவு மின்சாரத்தைத் திரும்பப் பெற்று, உராய்வின் சூட்டில் ரப்பரும் காய்ந்ததும் ஒலி அடங்குகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். பெல்ட் தளர்ந்திருந்தாலும் கீச்சொலி வரும். பெல்ட் நன்றாக இருந்து பேட்டரி நலிந்திருந்தாலும் வரும். இரண்டும் நன்றாக இருந்து ஆயிலோ, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டோ பெல்ட்டில் கசிந்தாலும் வரும். இவற்றில் எது என்று பிரித்தறிவதே கீழே உள்ள படிகளின் வேலை.

தொடங்கும் முன்

ஒரு டார்ச் விளக்கு, ஒரு ஸ்கேல், 12, 14 அளவு ஸ்பேனர்கள், ஒரு மல்டிமீட்டர், தண்ணீர் தெளிக்கும் சிறிய ஸ்பிரே பாட்டில் ஆகியவை போதும். காரின் உரிமையாளர் கையேடு இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட வேண்டாம். துண்டு, துப்பட்டா, முந்தானை, தொளதொளப்பான சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல், வளையல், கைக்கடிகாரம் எதுவும் ஓடும் பெல்ட்டின் அருகே வரக் கூடாது. பெல்ட்டைத் தொட வேண்டிய ஒவ்வொரு முறையும் என்ஜினை நிறுத்தி, சாவியை உருவி உங்கள் பையில் போட்டுக்கொண்ட பிறகே தொடுங்கள். உதவிக்கு நிற்கும் ஒருவர் அறியாமல் சாவியைத் திருப்பி விரல்கள் போன விபத்துகள் பட்டறைகளில் நடப்பவை. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவதால், சூடான என்ஜினை நிறுத்திய பிறகும் சில கார்களில் அது திடீரென்று சுழலும் என்பதையும் மறக்க வேண்டாம்.

முதல் படி: ஒலி எப்போது வருகிறது?

இதற்குக் கார் இரவு முழுவதும் நின்று ஆறியிருக்க வேண்டும். பட்டறை வரை ஓட்டிக்கொண்டு போனால் அங்கே ஒலி வராது. மெக்கானிக்கும் உதட்டைப் பிதுக்குவார். ஆகவே வீட்டு வாசலில், காலையில், பானெட்டைத் திறந்து வைத்து, வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கவாட்டில் நின்று கேளுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொண்டால் பிறகு மெக்கானிக்கிடம் விளக்கத் தேவையிருக்காது.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது மட்டும் ஒலி வந்து, விட்டதும் நின்றுவிட்டால், பெல்ட்டை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பாருங்கள். அதன் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து தேய்ந்திருக்கக் கூடும். என்ஜின் ஓடத் தொடங்கி, சாவியை விட்ட பிறகும் ஸ்டார்ட்டரின் இரைச்சல் தொடர்ந்தால், அதன் பல்சக்கரம் என்ஜினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலிலிருந்து விடுபடவில்லை என்று பொருள். உடனே என்ஜினை நிறுத்துங்கள். இந்த இரண்டும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கழற்றிச் செய்ய வேண்டிய வேலைகள்.

என்ஜின் பிடித்த பிறகு தொடங்கி, ஐந்து முதல் முப்பது நொடிக்குள் அடங்கும் நீண்ட கீச்சொலி என்றால் பெல்ட் வழுக்கல் என்றே வைத்துக்கொண்டு மேலே செல்லலாம். சிட்டுக்குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு, என்ஜின் வேகத்துக்கு ஏற்பத் தாளம் கூடிக் குறைந்து வரும் சிறு ஒலி வேறு வகை. அது புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததைக் காட்டும். அடங்காமல் தொடர்ந்து, முடுக்க முடுக்க உயரும் உறுமலோ ஊளையோ பேரிங்கின் குரல்.

இங்கே கிளட்ச்சையும் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்யும் பழக்கம் உள்ளவர்கள். என்ஜின் ஓடும்போது கிளட்ச்சை மெல்ல விட்டுப் பாருங்கள். மிதித்திருக்கும்போது மட்டும் ஒலி இருந்து, விட்டதும் மறைந்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். விட்டிருக்கும்போது இருந்து, மிதித்ததும் மறைந்தால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பெல்ட் ஒலி கிளட்ச்சுக்குக் கட்டுப்படாது. கார் நகரத் தொடங்கும்போது மட்டும் சக்கரத்தின் பக்கம் கேட்கும் கீச்சொலிக்கு மழைக்குப் பின் டிஸ்க்கில் படிந்த துருவே காரணமாக இருக்கலாம். இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்தால் அது போய்விடும்.

இரண்டாம் படி: பாரத்தை ஏற்றிப் பார்ப்பது

ஒலி அடங்கிய பிறகு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்லைட், ஏ.சி. ப்ளோயர், வைப்பர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். ஒலி திரும்பி வந்தால் ஆல்டர்னேட்டரின் பெல்ட்தான் வழுக்குகிறது. இனி ஐயம் வேண்டாம். ஏ.சி. பொத்தானை அழுத்தும் கணத்தில் மட்டும் வந்தால் ஏ.சி. பெல்ட். பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்ததும் வந்தால், பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் பெல்ட்.

மூன்றாம் படி: பெல்ட்டைக் கண்ணால் பார்ப்பது

என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பெல்ட்டின் பக்கவாட்டுச் சரிவுகளைப் பாருங்கள். வி-பெல்ட் தன் அடிப்பாகத்தால் பிடிப்பதில்லை. இரு பக்கச் சரிவுகளால் புல்லியின் பள்ளத்தில் ஆப்பாக இறங்கிப் பிடிக்கிறது. அந்தச் சரிவுகள் மங்கலான கருமையோடு இருக்க வேண்டும். கண்ணாடி போல் பளபளத்து, விரலால் தடவினால் கெட்டியாக வழவழத்தால், பலமுறை வழுக்கிய சூட்டில் ரப்பர் இறுகிவிட்டது. அப்படி இறுகிய பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் கீச்சொலி போகாது; மாற்றத்தான் வேண்டும். பெல்ட்டை விரலால் சற்றுத் திருகி உட்பக்கத்தையும் பாருங்கள். குறுக்கு வெடிப்புகள், உதிர்ந்த துண்டுகள், ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அந்தப் பெல்ட்டோடு வெளியூர்ப் பயணம் கூடாது.

பிறகு புல்லியைப் பாருங்கள். புதியவர்கள் மட்டுமல்ல, பல மெக்கானிக்குகளும் பார்க்கத் தவறும் இடம் இது. பெல்ட்டைச் சற்று விலக்கி, பள்ளத்தின் அடித்தளத்தை நோக்குங்கள். அங்கே தூசியோ லேசான துருவோ படிந்திருந்தால் நல்லது. பெல்ட் அடியைத் தொடவில்லை. அடித்தளம் தேய்த்த வெள்ளி போல் மின்னினால், பெல்ட் ஒடுங்கிப்போய் அடியில் உட்கார்ந்திருக்கிறது அல்லது புல்லியின் சுவர்கள் தேய்ந்திருக்கின்றன. சரிவுகளில் பிடிமானம் இல்லாததால் அங்கே வழுக்கல் நிச்சயம். புதுப் பெல்ட் போட்ட பிறகும் அடித்தளத்தைத் தொட்டால் புல்லியையும் மாற்ற வேண்டும். சுற்றுப்புறத்தில் கறுப்பு ரப்பர்த் தூள் படிந்திருந்தால் வழுக்கல் நெடுநாளாக நடக்கிறது.

ஆயில் கசிவையும் இப்போதே பாருங்கள். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கட்டிலிருந்து (கசிவைத் தடுக்கும் அடைப்பு) வடியும் ஆயிலும், வாட்டர் பம்ப்பின் சிறு துளையிலிருந்து கசியும் கூலன்ட்டும் பழைய என்ஜின்களில் வழக்கமானவை. வாட்டர் பம்ப்பின் கீழே பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் கூலன்ட் காய்ந்து பொருக்காகப் படிந்திருந்தால், பம்ப்பின் சீல் போய்விட்டது. கசிவை அடைக்காமல் புதுப் பெல்ட் போடுவது வீண் செலவு, ஏனென்றால் ஆயில் ஊறிய ரப்பர் உப்பிப் பதம் கெட்டுவிடும்.

நான்காம் படி: இறுக்கத்தை அளப்பது

இரண்டு புல்லிகளுக்கு இடையே பெல்ட் நீளமாகப் போகும் பகுதியின் நடுவில், அதன் மேல் ஸ்கேலை ஒட்டிப் பிடித்து, கட்டைவிரலால் ஏறத்தாழ பத்துக் கிலோ எடை வைத்ததுபோல் அழுத்துங்கள். சிறிய கார்களில் பெல்ட் சுமார் 6 முதல் 10 மி.மீ. வரை அமுங்கலாம், உங்கள் காரின் சரியான அளவு கையேட்டில் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். அதற்கு மேல் தொய்ந்தால் தளர்வு. சிறிதும் அமுங்காவிட்டால் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள்; பேரிங்குகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேட்டரி

பெல்ட்டில் குறை தென்பட்டாலும் இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். பழைய காரின் கீச்சொலிக்குப் பின்னால் பேட்டரி ஒளிந்திருப்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கார் இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் எதையும் போடுவதற்கு முன் மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட (டி.சி.) அளவில் 20 வோல்ட்டுக்குத் திருப்பி, பேட்டரியின் இரு முனைகளிலும் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போயிருந்தால் அந்த பேட்டரி ஒவ்வொரு காலையும் ஆல்டர்னேட்டரை வறுத்தெடுக்கிறது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் மீட்டர் 9.6-க்குக் கீழே சரிந்தாலும் பேட்டரி நலிந்துவிட்டதென்று கொள்ளலாம்.

என்ஜின் ஓடத் தொடங்கியதும் மீண்டும் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. கீச்சொலி இருக்கும்வரை 12 வோல்ட் சொச்சத்தில் தயங்கி, ஒலி அடங்கியதும் 14-க்கு ஏறினால், பெல்ட் வழுக்கலை மீட்டரே எழுதிக் காட்டுகிறது. ஒலி அடங்கியும் ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி கொதித்து வீணாகும் முன் சரிசெய்யுங்கள்.

டெர்மினலில் வெண்பச்சைப் பொடி பூத்திருந்தால், நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, கடைசியாக நெகட்டிவை மாட்டுங்கள். சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே எடுக்கப்படும் கார், வாரக்கணக்கில் நிற்கும் கார், பின்னாளில் பெரிய ஆம்ப்ளிஃபயர் பொருத்திய கார் ஆகியவற்றில் பேட்டரி எப்போதும் அரைவயிற்றோடுதான் இருக்கும். அத்தகைய காருக்கு வாரம் ஒருமுறை அரைமணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம் கொடுப்பது மருந்தாகும்.

ஆறாம் படி: ஐயம் தீராதபோது

ஒலி வரும் நேரத்தில் ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தள்ளி நின்று தெளியுங்கள். ஒலி கூடினால் வழுக்கல். இறுக்கமோ பெல்ட்டோ காரணம். சிறு நேரம் மறைந்து மீண்டும் வந்தால் புல்லிகளின் நேர்கோட்டைச் சரிபார்க்க வேண்டும். பழைய கார்களில் ஆல்டர்னேட்டரைப் பழுது பார்த்து மாட்டும்போது ஒரு வாஷர் விடுபட்டாலோ, வேறு மாடலின் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினாலோ, புல்லி சற்று உள்ளோ வெளியோ தள்ளிவிடும். நேரான இரும்பு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும்.

பேரிங் என்று சந்தேகம் இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஒலி போயிருந்தால் குறை பெல்ட் சுழற்றும் உறுப்புகளில் இருக்கிறது. போகாவிட்டால் என்ஜின் பக்கம். மாருதி 800-இல் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் இந்தச் சோதனை இருபது நொடிக்கு மேல் நீளக் கூடாது. பெல்ட் இல்லாதபோதே ஆல்டர்னேட்டர் புல்லியையும் வாட்டர் பம்ப் புல்லியையும் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோன்ற சொரசொரப்போ, முன்பின்னாக ஆட்டினால் ஆட்டமோ இருந்தால் அந்தப் பேரிங் மாற வேண்டும். பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட்டைப் புதியவர்கள் எக்காரணத்தைக் கொண்டும் தொட வேண்டாம். அந்த மூடிக்குள்ளிருந்து ஒலி வந்தால் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

சரிசெய்யும் முறை

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்புறத் தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஸ்பேனர் பட்டால் பொறி பறக்கும். ஆல்டர்னேட்டரை ஒருபுறம் கீல் போல் தாங்கும் போல்ட்டையும், மறுபுறம் நீள்துளைப் பட்டையில் இருக்கும் போல்ட்டையும் சற்றே தளர்த்துங்கள். உறுதியான மரக்கட்டையை ஆல்டர்னேட்டரின் முன்பக்க உலோக உடலில் கொடுத்து நெம்பி, பெல்ட் சரியான இறுக்கத்துக்கு வந்ததும் பட்டைப் போல்ட்டை முதலில் முடுக்கி, பிறகு கீல் போல்ட்டை முடுக்குங்கள். பின்பக்க மூடியிலோ ரேடியேட்டரிலோ முட்டுக் கொடுத்து நெம்பக் கூடாது.

பெல்ட்டை மாற்றுவதானால் இரண்டு போல்ட்டுகளையும் நன்றாகத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை உள்ளே தள்ளிய பிறகு கையாலேயே மாட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் புல்லியின் விளிம்பைத் தாண்ட வைத்தால் உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து, புதுப் பெல்ட் சில மாதங்களிலேயே போய்விடும். கடைக்குப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் முதுகில் அச்சிட்ட எண்ணும் காரின் மாடல் ஆண்டும் பொருந்த வேண்டும். இந்தப் பெல்ட்டை ‘ஃபேன் பெல்ட்’ என்று கேட்டாலே எல்லாக் கடையிலும் புரியும். மதுரையில் ஆலை வைத்துள்ள ஃபென்னர் உட்பட நம்பகமான தயாரிப்புகள் எளிதில் கிடைக்கின்றன. சென்னையில் ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகக் கடைத்தெருக்களில் புதிதாகவே வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழைய கதவும் பம்ப்பரும் வாங்கலாம். பழைய பெல்ட் வாங்கக் கூடாது.

சோப்பு, மெழுகுவர்த்தி, தேங்காய் எண்ணெய், கிரீஸ், டால்கம் பவுடர் என்று பெல்ட்டில் தடவச் சொல்லும் யோசனைகள் ஏராளம். எண்ணெயும் கிரீஸும் வழுக்கலைக் கூட்டி ரப்பரையும் கெடுக்கின்றன. மற்றவை ஒலியைச் சில நாள் மறைக்குமே தவிர, ஆல்டர்னேட்டர் புல்லியில் பெல்ட் அப்போதும் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும். பெல்ட்டுக்கென்று விற்கும் ஸ்பிரேயும் நிரந்தரத் தீர்வு அன்று.

கார் ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட் அறுந்துபோனால் டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரியும். மாருதி 800 போன்ற அமைப்பில் வாட்டர் பம்ப்பும் அதே நேரத்தில் நின்றுவிடுவதால், ‘பேட்டரி தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓட்டினால் சில நிமிடங்களில் என்ஜின் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விடும். விளக்கு எரிந்தவுடன் ஓரம் கட்டி என்ஜினை நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். பழைய பெல்ட் பயன்படும் நிலையில் இருந்தால் அதை ஒரு பையில் சுற்றி, 12, 14 ஸ்பேனர்களோடு டிக்கியில் வைத்திருங்கள். அப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்து ஊர் வரை போக அது உதவும்.

புதுப் பெல்ட் முதல் சில நாட்களில் சற்று நீளும். மாட்டியதும் கால் மணி நேரம் எல்லா விளக்குகளையும் போட்டு என்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி ஆறிய பிறகு இறுக்கத்தை ஒருமுறையும், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறையும் அளந்து, தேவைப்பட்டால் திருத்துங்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் பார்த்தால் போதும்.